பார்சல்மேல் எட்டு யானைகள்

காலை பத்து மணிக்கு முன்னால் இன்ஷூர்டு பார்சல் கவுண்டருக்கு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தொண்ணூற்றாறில் எங்கள் பெங்களூர் தபால் ஆபீசுக்கு ஸ்ரீராம்புரம் எத்திராஜ் மூன்று நாள் அப்படி வந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய காசு சேர்ப்பதைத் தவிர தனக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவரிடம் யானை போட்ட பழைய மைசூர் செப்புக்காசு ஒன்று இருந்தது. கும்பகோணத்தில் ஆராவமுதன் என்பவரிடம் மீன் போட்ட பாண்டியர் காசு. இருவரும் நேரில் பார்த்ததில்லை, கடிதப் பழக்கம்தான். ஒரே நாளில் தபாலில் போட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. ஆராவமுதன் லேசில் யாரையும் நம்பாத ஆசாமி. இன்ஷூர் செய்துதான் அனுப்ப வேண்டும், திங்கட்கிழமை தவறினால் மீன் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எழுதிவிட்டார். அந்த மீனுக்காக எத்திராஜ் பதினெட்டு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வெறும் பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்தார். பெட்டியைத் துணியில் தைத்து, தையல்மேல் அரக்கு வைத்து, எல்லா அரக்கிலும் ஒரே அடையாளத்தை அழுத்த வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை அரக்கில் சட்டைப் பொத்தானை அழுத்திக்கொண்டு வந்தார். பொத்தான் கூடாது, புழக்கத்தில் இருக்கும் காசும் கூடாது என்று கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். திங்கட்கிழமை வந்த பார்சலில் எட்டு அரக்கு, எட்டிலும் யானை.

"புழக்கத்துல இருக்கிற காசுதான மேடம் கூடாது? இது புழக்கத்துல இருந்து நூத்தம்பது வருஷம் ஆச்சு" என்றார்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. எனக்கு எரிச்சலாக வந்தது. எடை போட்டு, மதிப்பு இரண்டாயிரம் ரூபாய் என்று எழுதும்போது யானைகளை மறுபடி பார்த்தேன். கடைசி யானைக்கு வால்கூட அவ்வளவு துல்லியமாக இருந்தது. என் பேனா நின்றுவிட்டது.

"சார், கடைசி அரக்குல எதை அழுத்தினீங்க?"

"அதே காசுதான். எல்லாம் ஒண்ணா இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க."

"பெட்டியைத் தைச்சு முடிச்ச அப்புறமா?"

ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டியவரின் கை மெல்லச் சட்டைப் பைக்குள் போனது. வெளியே வந்த காசில் யானையின் தும்பிக்கைமேல் அரக்கு ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் இருந்த வெறும் பஞ்சை இரண்டாயிரம் ரூபாய்க்கு இன்ஷூர் செய்ய இருந்தோம். நியாயமாக நான் சிரித்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தபோது பாவமாக இருந்தது.

வீட்டுக்கு ஓடியவர் மனைவி சொர்ணத்தோடு திரும்பினார். அந்த அம்மாளின் மோதிரத்தில் தாமரை செதுக்கியிருந்தது, ஆனால் மோதிரம் விரலைவிட்டுக் கழலவில்லை. எங்கள் பெஞ்சிலேயே காசை உள்ளே வைத்துத் தைத்து, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி, சொர்ணம் எட்டு முறை கையை மடக்கிக் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அவற்றை இங்கே எழுத முடியாது. கவுண்டர் மூட ஐந்து நிமிஷம் இருக்கும்போது பார்சல் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை கும்பகோணத்திலிருந்து அவருக்குப் பார்சல் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பத்து அரக்கு.

"மீன் மேடம். செதில்கூட தெரியுது பாருங்க" என்றார்.

நான் பார்த்தேன். அவர் ஒவ்வொரு மீனாக எண்ணிக்கொண்டே போனார். ஒன்பதாவது மீனில் குரல் இறங்கியது, பத்தாவதை எண்ணவில்லை. கத்தரிக்கோல் கேட்டு வாங்கிப் பிரித்தார். உள்ளே பஞ்சும் ஒரு கடிதமும் இருந்தன. 'யாரையும் நம்ப முடியாத காலம். நான் மூன்று முறை சரிபார்த்துத்தான் அனுப்புகிறேன்' என்று ஆராவமுதன் எழுதியிருந்தார்.

எத்திராஜின் யானை இந்நேரம் கும்பகோணம் சேர்ந்திருக்கும். அழப்போகிறார் என்று பயந்தேன். அவரோ பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இப்படி ஒரு மூளை உலகத்துல எனக்கு மட்டும்தான்னு வீட்டுல சொல்லிட்டு இருந்தாங்க மேடம்" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி, நின்றபடியே எழுதி, ஒட்டாமல் என்னிடமே நீட்டினார். நான் படித்தேன். 'பெட்டி கிடைத்தது, உள்ளே மீன் இல்லை. பதற வேண்டாம். தபாலில் போடவும் வேண்டாம். நீங்களே எடுத்துக்கொண்டு பெங்களூர் வாருங்கள். காசைவிட உங்களைப் பார்க்கத்தான் எனக்கு இப்போது ஆசையாக இருக்கிறது.'