பெட்டி மாட்டிய பிறகு

என் கணவர், தான் காசு கொடுத்து வாங்கியதைத் தவிர உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்பார். எதிர்வீட்டுக்காரர் தன் குப்பையை நம் தொட்டியில் போடுகிறார் என்பார். தராசு, மின்சார மீட்டர், சுவர்க் கடிகாரம் எதையும் விட்டுவைக்க மாட்டார். ஆனால் கடையில் பேரம் பேசித் தானே தூக்கிக்கொண்டு வந்த பொருள் மட்டும் சொக்கத் தங்கம். அப்படித்தான் அந்தக் கறுப்புப் பெட்டி எங்கள் டீசல் காருக்குள் வந்தது.

நாங்கள் வைத்திருப்பது டெண்டல் லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் எடுத்து, மாடலுக்குப் பொருந்துகிற மாதிரி பல்லோ பல்செட்டோ செய்து திருப்பி அனுப்புவோம். மாடலும் மெழுகு வேலையும் என் பொறுப்பு. சூளை, மெருகு, டாக்டர்களுக்கு ஐஸ் வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அச்சுகளை வாங்கி வருவதும் செய்த பல்லைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் தம்பியின் வேலை. காலையில் காரை எடுத்தால் ஊர் ஊராகக் கிளினிக் ஏறி இறங்கிப் பொழுது சாயும்போதுதான் திரும்புவான்.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதற்கு முன்னால் அவன் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். அங்கே சரக்கு குறைந்தது. யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை, ஆனால் அவன் ஷிப்டில் குறைந்ததால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “நான் எடுக்கலக்கா” என்று என்னிடம் சொன்னான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. அவனை லேபில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கணவர் இழுத்தபோது, “என் தம்பிக்கு நான் பொறுப்பு” என்றேன். அந்த ஒரு வார்த்தையில்தான் கார் சாவி அவன் கைக்குப் போனது. இங்கேயும் அது பறிபோனால் இந்த வேலை மட்டும் போகாது. போன இடமெல்லாம் கை நீளம் என்று முத்திரை குத்திவிடுவார்கள், பிறகு எவனும் அவனை வாசலில்கூட நிறுத்த மாட்டான்.

கார் பழசு. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். அதைச் சரி செய்யப் போன இடத்தில்தான் கார் சாமான் கடைக்காரர் அந்தப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“இன்ஜினைத் தொடவே வேணாம் சார். சென்சார் பிளக்கைக் கழட்டி நடுவுல இதை மாட்டிட்டா போதும். வண்டி பிச்சுக்கிட்டுப் போகும், மைலேஜும் ஏறும்.”

“ஏறலைன்னா?” என்றார் இவர்.

“நான் சொல்றதை நம்பவே வேணாம். டாஷ்போர்டுல நீங்களே பாருங்க.”

நம்ப வேண்டாம் என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், இவர் கவிழ்ந்துவிடுவார். அன்றைக்கே பெட்டியை வாங்கி, வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து, பிளக்கைக் கழற்றித் தானே மாட்டினார். ஓட்டிப் பார்த்தோம். பொய் சொல்லக்கூடாது, மேட்டில் கார் சீறிக்கொண்டு ஏறியது. டாஷ்போர்டில் லிட்டருக்குப் பதினாறு காட்டிக்கொண்டிருந்த இடத்தில் இருபது காட்டியது. மனிதருக்கு வாயெல்லாம் பல். எங்கள் தொழிலுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

அந்தச் சந்தோஷம் அடுத்த முறை டேங்க் நிரப்பும் வரைதான். டாஷ்போர்டு சொன்ன கணக்குப்படி குறைந்திருக்க வேண்டிய டீசலைவிடப் பம்பில் அதிகமாகப் பிடித்தது. முதலில் பங்க்காரன் அளவில் அடிக்கிறான் என்றார். பங்க்கை மாற்றினோம். அங்கேயும் அதே கதை. தம்பி எங்கேயாவது சொந்த வேலைக்கு வண்டியை எடுக்கிறானா என்று கிலோமீட்டரைப் பார்த்தார். போன ஊர்களுக்கும் ஓடிய தூரத்துக்கும் அச்சு அசலாகப் பொருந்தியது. அதோடு விட்டிருந்தால் அவர் என் கணவரே இல்லை.

“ரெண்டு பங்க்குலயும் ஒரே மாதிரி. கிலோமீட்டரும் சரியா இருக்கு. அப்போ டேங்குக்குள்ள ஊத்துன டீசல் எங்க போகுது?” என்று சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

“ஓட்டை கீட்டை இருக்கும்.”

“கீழ படுத்துப் பார்த்துட்டேன். ஒரு சொட்டு ஒழுகல.”

“சுத்தி வளைக்காம சொல்லுங்க.”

“நான் எதுக்குச் சொல்லணும்? பொறுப்பு நீதானே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். உங்கள் அண்ணன் பையன் லேபில் இருந்தபோது உடைத்த மாடல்களுக்கு இப்படித் துப்பு துலக்கினீர்களா என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார். திருப்பிச் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏனென்றால் சந்தேகம் என்பது ஒட்டுவாரொட்டி. அவரிடம் சண்டை போட்டவள், மறுநாள் தம்பி உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது அவன் காலைத்தான். புதுச் செருப்பு. சட்டையில் டீசல் வாடை. டீசல் பிடிக்கிறவன் மேல் டீசல் வாடை அடிக்காமல் சந்தனமா மணக்கும் என்று என்னையே அதட்டிக்கொண்டேன். பிறகு அச்சுப் பெட்டிகளை எடுக்க டிக்கியைத் திறந்தால், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன்.

“இது எதுக்குடா?”

“ரேடியேட்டருக்குத் தண்ணிக்கா” என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். கை நிறையப் பெட்டிகளோடு குனிந்திருந்தவன் எப்படிப் பார்ப்பான்? அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவன் உள்ளே போனதும் கேனின் மூடியைத் திறந்து மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. கழுவினால் வாடை போய்விடும்தானே என்று மனசு சொன்னது. கிடங்கு விஷயமும் கூடவே வந்து நின்றது.

அன்று மாலை கணவர் முடிவாகச் சொன்னார். “இந்த மாசத்தோட சாவியை வாங்கிடலாம். சத்தம் போடாம, வேற காரணம் சொல்லி அனுப்பிடலாம். உனக்கும் அசிங்கம் இல்ல.”

“நாளைக்கு நான் அவன்கூடப் போறேன். என் கண்ணால பார்த்துட்டு வந்து சொல்றேன். அப்புறம் பேசுங்க சாவியைப் பத்தி” என்றேன்.

தம்பியிடம், இரண்டு டாக்டர்களைப் பார்த்துப் பல்லின் நிறம் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு சாக்குச் சொன்னேன். அவனுக்கு ஒரே குஷி. “வாக்கா, வழியெல்லாம் நானே எனக்குப் பேசிக்கிட்டுப் போறேன். இன்னைக்கு ஒரு ஆள் கிடைச்சுது” என்றான். புறப்பட்டதும் பங்க்கில் நிறுத்தி, குழாய் தானாக டக்கென்று நிற்கும் வரை டேங்கை நிரப்பச் சொன்னேன். கிலோமீட்டரை மனசில் குறித்துக்கொண்டேன்.

காலையெல்லாம் அவன் வாய் ஓயவில்லை. எந்தக் கிளினிக்கில் எந்த நர்ஸ் சிடுசிடுப்பாள், எந்த டாக்டர் தன் தவறுக்கு நம்மைத் திட்டுவார் என்று ஒவ்வொருவரையும் நடித்துக் காட்டிக்கொண்டே ஓட்டினான். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் கிளினிக்கில் அவன் இறங்கும்போது, “கண்ணாடியை இறக்கணும், சாவியைக் குடுத்துட்டுப் போ” என்றேன். கொடுத்தான். டேங்க் மூடியையும் அந்தச் சாவியில்தான் திறக்க முடியும். அடுத்ததிலும் கேட்டேன். அதற்கடுத்ததில் நான் கேட்காமலே என் மடியில் வைத்துவிட்டு இறங்கினான்.

பார்க்க வேண்டும் என்று சொன்ன டாக்டர்களை நான் பார்க்கவில்லை. காரைவிட்டு இறங்கவே இல்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குடித்தால் இறங்க வேண்டிவரும். மத்தியானத்துக்கு மேல் அவன் டீ வாங்கிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக நீட்டினான். வேண்டாம் என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். இரண்டு டீயையும் அவனே குடித்தான். அதற்குப் பிறகு யாரையும் நடித்துக் காட்டவில்லை.

மாலையில் அதே பங்க், அதே குழாய். நான் இறங்கிப் போய்ப் பம்பின் மீட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருநூறு கிலோமீட்டர் ஓடியிருந்தோம். டாஷ்போர்டு இருபது என்றது, அதாவது பத்து லிட்டர் போதும். பம்பில் பதிமூன்று பிடித்தது.

அந்த மூன்று லிட்டரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் தொடவில்லை. நாள் முழுக்க அந்த டேங்குக்கு மேலேயே சாவியோடு உட்கார்ந்திருந்தவள் நான். மூன்று லிட்டரைத் திருடியது யார் என்றால் யாருமே இல்லை.

டாஷ்போர்டுதான் பொய் சொல்கிறது என்று புரிந்ததும், மீதி எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடப்பதுதான். டாக்டர் எடுத்த அச்சு கோணலாக இருந்தால் மாடல் கோணலாக வரும். நான் செய்கிற பல் அந்த மாடலில் அவ்வளவு அழகாக உட்காரும், நோயாளியின் வாயில் உட்காராது. மாடலையே பார்த்துக்கொண்டிருந்தால் தப்பு கடைசிவரை தெரியாது. காரிலும் டீசலின் அழுத்தத்தை அளக்கிற சென்சார் சொல்வதை வைத்துத்தான் இன்ஜினின் கம்ப்யூட்டர் டீசலை அனுப்புகிறது, அதை வைத்தே கணக்கும் போடுகிறது. சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இவர் மாட்டிய பெட்டி உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று கோள் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது. டீசல் கூடப் போகிறது, கார் சீறுகிறது, கணக்கில் மட்டும் குறைவாக விழுகிறது. இருபது என்பது பெட்டியின் வாயில் வந்த இருபது.

வீட்டு வாசலில் நானே பானெட்டைத் திறந்து பெட்டியைப் பிடுங்கி, பழைய பிளக்கை அதன் இடத்தில் மாட்டினேன். மறுநாள் தம்பி தனியாகப் போய் வந்தான். டாஷ்போர்டு பதினாறு என்றது. பம்பும் அதே கணக்கைச் சொன்னது.

கணவர் ஒரு நல்ல காரியம் செய்தார். சாக்குச் சொல்லாமல் நேராக அவனிடமே போனார்.

“மச்சான், டீசலை நீ எடுக்கறேன்னு நினைச்சுட்டேன். தப்புதான். மனசுல வெச்சுக்காத.”

“விடுங்க அத்தான். நீங்க இன்னைக்கு வரைக்கும் யாரை நம்பியிருக்கீங்க, என்னை நம்புறதுக்கு” என்றான். இரண்டு பேரும் சேர்ந்து கடைக்காரரைத் திட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கும் தலையிலிருந்து மலை இறங்கியது போலிருந்தது. என் வார்த்தை நின்றுவிட்டது, அவன் சாவி அவனிடமே இருந்தது.

பெட்டிகளை எடுக்க அவன் உள்ளே வந்தபோது நான் மாடல் சீவிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அன்னைக்கு நீ வந்தியே. அத்தான் அனுப்பினாரா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் தலையில் போட்டிருந்தால் அவரும் மறுத்திருக்க மாட்டார். எனக்குப் பொய் வரவில்லை.

“இல்லடா. நானாத்தான் வந்தேன். நீ எடுக்கலைன்னு அவருக்குக் காட்டணும்னு.”

“காட்டறதுக்குச் சாவி எதுக்குக்கா உன் கையில?”

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“அத்தானை விடு, அவர் சுபாவம். நீ தண்ணிகூடக் குடிக்கல.” அவன் குரலை உயர்த்தவில்லை. “கிடங்குல நான் எடுக்கலைன்னு சொன்னப்போ நீ ஒண்ணுமே கேட்கல. நம்பிட்டதாலதான் கேட்கலைன்னு நினைச்சேன்.”

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? அன்றைக்கு நான் கேட்காதது, அவன் என்ன பதில் சொல்வானோ என்ற பயத்தில்தான். அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டிகளை அடுக்கிக்கொண்டு அவன் வண்டிக்குப் போனான்.

இப்போதும் அவன்தான் ஓட்டுகிறான். அக்கா என்றுதான் கூப்பிடுகிறான், எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான், அத்தானோடு சேர்ந்து ஊர்வம்பு பேசுகிறான். ஆனால் ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் என் போனுக்கு இரண்டு படம் வருகிறது. ஒன்று பம்பின் மீட்டர், ஒன்று டாஷ்போர்டு. கூட ஒரு வார்த்தை இருக்காது. இதெல்லாம் வேண்டாம்டா என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். “இருக்கட்டும்க்கா, உனக்கு நிம்மதி” என்கிறான். அவருக்கு அனுப்புகிறானா என்று ஒருநாள் மெல்ல விசாரித்தேன். அவருக்கு ஒரு படம்கூட வந்ததில்லையாம்.