நுரை நிற்காத கன்னம்

கல்யாணத்துக்குப் பதினெட்டு மணி நேரம் இருந்தது. பந்தலில் என் அண்ணன் ரசலையனை முக்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். முந்தின நாள் மாலை, பெண்ணின் சகோதரன் பார்க்க மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் செல்லபாயின் அண்ணன் ஞானதாசன் மார்த்தாண்டத்திலிருந்து வந்து எதிரே அமர்ந்திருந்தார்.

செல்லபாயிடம் நாங்கள் ஒன்றை மறைத்திருந்தோம். கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள் அம்மா. அண்ணனும் அதற்குத் தலையாட்டியிருந்தான்.

நாவிதர் பகவதியப்பன் சோப்பை நுரைத்துப் பூசினார். வலது கன்னத்தில் நுரை நின்றது. இடது கன்னத்தில் அது உடையாமல், ஒரே கட்டியாகத் தாடைவரை சறுக்கி மடியில் விழுந்தது. மறுபடி பூசினார். மறுபடி விழுந்தது.

"ஓய், நுரைக்கு வழுக்குமரம் ஏறப் பழக்குதீரோ?" என்றார் ஞானதாசன். பந்தல் சிரித்தது.

காலையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளித்தான், அதுதான் என்றாள் அம்மா. பயற்றுமாவு போட்டுக் கழுவினார்கள். தண்ணீர் அந்தக் கன்னத்தில் மட்டும் முத்து முத்தாக உருண்டது. மூன்றாவது முறையும் நுரை விழுந்தது. வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று யாரோ சொல்ல, பகவதியப்பன் கத்தியைத் துடைத்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

கல்லூரியில் மெழுகு பூசிய கண்ணாடியில் இதைப் பார்த்திருக்கிறேன். நனைகிற பரப்பில் நுரையின் அடியிலுள்ள நீர் பிடித்துக்கொள்ளும். நனையாத பரப்பில் அந்தப் பிடி இல்லை. நுரை உருக்குலையாமல் மொத்தமாக நழுவும்.

ஞானதாசன் என் பக்கம் திரும்பினார். "பி.எஸ்ஸி. படிச்ச பிள்ள இங்க நிக்கே. நீ சொல்லு மக்கா, குத்தம் சோப்புலயா, இவரு கையிலயா?"

நான் ஆண்கள் நடுவே பேசியதில்லை. "ரெண்டுலயும் இல்ல. தோலு நனையல்ல."

"ஏன் நனையல்ல?"

அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள், காப்பி கொண்டுவர. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று அவன் தலையாட்டவில்லை.

"ஆறு மாசமாட்டு அதுல மருந்துக்கு மரோட்டி எண்ணெ தேய்க்கான்," என்றேன். "அண்ணனுக்குக் குஷ்டம்."