இரண்டு பக்கமும் கப்பல்

என் புருஷன் துப்னஸுக்குக் கை மட்டும்தான் வேலை செய்யும், கவனம் எங்கேயாவது மேயப் போய்விடும். நல்ல காசைக் களிமண் வில்லைகளுக்கு நடுவே அழுத்தி அச்சு எடுத்து, வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெண்கலம் ஊற்றுவது எங்கள் தொழில். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் கப்பல். கள்ளக் காசு என்று யாருக்கும் தெரியாது; ஊருக்கு நாங்கள் குயவர்கள்.

அன்று ஆறிய அடுக்கை உடைத்தால், ஒரு காசில் இரண்டு பக்கமும் தலை. இன்னொன்றில் இரண்டு பக்கமும் கப்பல்!

"ஒரு வில்லையைக் கவுத்து வச்சிருக்கியே, கண்ணை அடகு வச்சிட்டியா?"

"ஒண்ணே ஒண்ணுதானே, சக்ரில்லா! உருக்கிட்டாப் போச்சு."

நல்ல காசுகளைப் பானைக்குள் தள்ளினேன். அந்த இரண்டும் மேஜையிலேயே கிடந்தன. அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான் கோட்டைச் சிப்பாய் பிரிமானுஸ். சூதாட்டத்தில் இடுப்புப் பட்டையைக்கூடத் தோற்று, கயிறு கட்டிக்கொண்டு அலைபவன். மது ஜாடி வாங்க வந்தவனின் கண் உடைந்த அச்சில் போய் நின்றது.

"அடேங்கப்பா! குயவன் வீட்ல ராஜா பொறக்கறாரா? துப்னஸ், உன்னைச் சிங்கத்துக்குத்தான் போடுவாங்க."

இந்த மடையன் இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?

"ஒரு பந்தயம் வச்சுப் பாரேன், அண்ணே. நான் ஜெயிச்சா நீ எதையும் பாக்கலை. தோத்தா இவனை இழுத்துட்டுப் போ."

பந்தயம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. கப்பல் தெரியக் கிடந்த காசை எடுத்து, புரட்டிக்கூடப் பார்க்காமல் சுண்டினான்.

"தலையா, கப்பலா?"

"த..." என்று ஆரம்பித்தான் துப்னஸ். எப்போதும் ராஜா பக்கம்தான் கட்டுவான். அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

"கப்பல்!" என்று நானே கத்தினேன்.

காசு உள்ளங்கையில் விழுந்தது. கப்பலேதான்! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"சே, இங்கயும் தோல்வியா?" என்று முனகியபடி காசைப் புரட்டினான். மறுபடி புரட்டினான். மாட்டிக்கொண்டோம்!

எங்களைப் பார்த்தான். இடுப்புக் கயிற்றைப் பார்த்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"தங்கச்சி, இதே மாதிரி தலைல ஒண்ணு இருக்கா?"

மேஜையில் கிடந்ததை நீட்டினேன். இரண்டையும் முடிந்துகொண்டு, ஜாடியைக்கூட மறந்து, கோட்டைப் பக்கம் ஓடினான்.

துப்னஸ் காலைத் தடவிக்கொண்டே சொன்னான்: "இனிமே ஒழுங்கா அடுக்கறேன், சத்தியமா."

அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"அடுக்கித்தான் பாரேன், அப்புறம் இருக்கு உனக்கு! ஒவ்வொரு அடுக்குலயும் ஒண்ணு கவுந்திருக்கணும்."