இரண்டு மணி அமர்வு

சான்றிதழை நீட்டியபோது சுப்புராஜ் லீலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கருத்தரங்கின் செயலாளர் அவன்தான். அவன் கண் வாசலில் நின்ற வேனின் மேலேயே இருந்தது. 'தத்துவ ஆய்வு மாணவர் கருத்தரங்கில் செல்வி த. லீலா கட்டுரை வாசித்தளித்தார்' என்று எழுதி, 20-5-1979 என்று அன்றைய தேதியும் போட்டு, கையெழுத்தும் ஆகியிருந்தது. அப்போது மணி ஒன்றே கால். அவள் வாசிக்க வேண்டிய அமர்வு இரண்டு மணிக்கு.

"நான் இன்னும் வாசிக்கவே இல்லையேங்க."

"அந்த செஷன் கேன்சல்ங்க. எல்லாரும் தூண் பாறை பாக்கப் போறாங்க. மழ வந்துரும்னு வெரசாக் கெளம்புறோம். அதுக்காக ஒங்களுக்குச் சர்டிபிகேட் குடுக்காம விட்ருவமா?" உபகாரம் செய்துவிட்டவனைப் போலச் சிரித்தான்.

வெள்ளனே கூக்காலில் பஸ் ஏறி, பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே கருத்தரங்கு நடந்த செண்பகனூருக்கு வந்திருந்தாள் அவள். பதினான்கு பக்கக் கட்டுரை. எட்டு மாத உழைப்பு. ஒருவருக்காக இன்னொருவர் வாக்குக் கொடுக்க முடியுமா, கொடுத்தால் அது யாரைக் கட்டும் என்பதுதான் பொருள். கட்டுரையில் எங்கும் அவள் தன் வீட்டைப் பற்றி எழுதவில்லை. ஆனால் அது தொடங்கிய இடம் அவளுக்குத் தெரியும். அவளுடைய பதினைந்தாம் வயதில், பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு, இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறியபோது அப்பா தங்கமுத்து சொன்னார்: "நம்மளக் கேட்டா அனுப்புறானுங்க? ரெண்டு தொரமாரு கை குலுக்கிக்கிட்டானுங்க, நாம லயத்தக் காலி பண்றோம்." அதன் பிறகு ஒன்பது வருடமாகக் கூக்காலில் அடுத்தவர் காட்டில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்டதே இல்லை.

சேனாதிபதி குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டே வந்தார். பழனிக்காரர், மதுரையில் அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டி. அடுத்த மாதம் ஒரு பெண்கள் கல்லூரியில் டியூட்டர் வேலைக்கு அவளுக்கு நேர்காணல் இருந்தது. தேர்வுக் குழுவில் அவரும் ஒருவர்.

"என்னம்மா மொகத்தத் தூக்கி வச்சிருக்க? இண்டர்வியூவுல கேக்கப்போறது இந்தத் தாளத்தான். பத்திரமா வச்சுக்க."

"வாசிக்காததை வாசிச்சேன்னு எப்படி சார் காட்டுறது?"

"எல்லாரும் காட்டுறதுதான். ஞானவேல் வாங்கிட்டுப் போயி ஜன்னல் சீட்டுல உக்காந்துட்டான் பாரு."

ஞானவேலும் இதே இரண்டு மணி அமர்வில் வாசிக்க வேண்டியவன். முதல் நாள் வாசித்த இரண்டு பேருக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். அவர்களுடைய வழிகாட்டிகள் கருத்தரங்கை நடத்தும் அமைப்பில் பொறுப்பில் இருந்தார்கள். லீலா பை, சான்றிதழ், கட்டுரை மூன்றையும் எடுத்துக்கொண்டு நேராகப் போய் வேனில் ஏறினாள்.

"வாங்க, பின்னாடி எடம் கெடக்கு," என்றான் சுப்புராஜ்.

அவள் உட்காரவில்லை. வேன் மேட்டில் ஏறத் தொடங்கியதும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே," என்று ஆரம்பித்தாள். யாரோ சிரித்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர், "பாட்டு ஏதாவது பாடேம்மா, நன்னா இருக்கும்," என்றார். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் தோளில் போய் இடித்தாள், மன்னிப்புக் கேட்கவில்லை. ஏரி வந்தபோது எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. அந்தப் பிடரிகளைப் பார்த்தபடி நான்காம் பக்கத்தைப் புரட்டினாள். ஆறாம் பக்கம் முடியும்போது வேன் தூண் பாறையில் நின்றது. எல்லாரும் அவளை உரசிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

சேனாதிபதி மட்டும் எழவில்லை.

"என்னைய அவமானப்படுத்தணும்னே ஏறுனியா?"

"வாசிக்கத்தான் சார் ஏறுனேன்."

"சரி, இதுக்குப் பதில் சொல்லு. கைக்கொழந்தைக்காகத் தாயும் தகப்பனும் ஆயிரம் விசயத்த முடிவு பண்றாங்க. கொழந்தையக் கேட்டா பண்றாங்க? ஒன் வாதப்படி அதுவும் செல்லாதுல்ல?"

கையிலிருந்த கட்டுரையைப் புரட்டினாள். வாயில் வந்தது வேறு. "எங்கப்பா கொழந்தை இல்ல சார். அவரை யாருமே கேக்கல."

"பாத்தியா? அது ஒங்க வீட்டுக் கத. தத்துவம் இல்ல." குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். "இண்டர்வியூவுல எதுத்தாப்புல நானும் உக்காந்திருப்பேன். ஞாபகம் வச்சுக்க."

இறங்கி, கூட்டத்தோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த சுப்புராஜிடம் போனாள். "பதினாலு பக்கத்துல ஆறு பக்கம் வாசிச்சாங்கன்னு திருத்திக் குடுங்க."

"வெளையாடுறீங்களா?"

"நானா வெளையாடுறேன்?" சான்றிதழை நாலாக மடித்து அவன் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, ரோட்டில் இறங்கி நடந்தாள்.

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. குதிரையில் போன தேனிலவு ஜோடி ஒன்று, தனக்குத்தானே பேசிக்கொண்டு வரும் பெண்ணைக் கண்டு ஓரம் ஒதுங்கியது. வேலை போனதுகூட அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. சேனாதிபதி கேட்டது நல்ல கேள்வி. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எட்டு மாதத்தில் ஒரு நாளாவது இப்படி ஒன்று கேட்டிருப்பாரா? ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் படிக்காமலே இனிஷியல் போட்டுத் தந்தார். கேள்வி கேட்கத் தெரிந்த மனுஷன்தானே! அவமானப்பட்டால்தான் அது வாயிலிருந்து வருமா?

முக்கால் மைல் வந்திருப்பாள். கால் தானாக நின்றது.

குழந்தை வளரும். வளர்ந்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு நாள் கேட்கும். பெற்றவர்கள் அதே வீட்டில்தான் இருப்பார்கள். சரியோ தப்போ, ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும். இன்னொருவருக்காக வாக்குக் கொடுத்தவன், அவர் கேள்வி காதில் விழுகிற தூரத்தில் நிற்க வேண்டும். நிற்காதவன் கொடுத்தது வாக்கே இல்லை. அப்பாவின் கேள்வி யார் காதில் விழுந்தது?

பேனாவைத் தேடினாள். பை வேனிலேயே இருந்தது. கட்டுரை மட்டும் கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது. திரும்பி, வந்த வழியே மேட்டில் வேகமாக ஏறத் தொடங்கினாள். மூச்சு வாங்கியது, உதடுகள் அந்த வாக்கியத்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தன.

மேலே ஹாரன் கேட்டது. மூடுபனியின் வெண்மைக்குள் வேனின் இரண்டு மங்கிய மஞ்சள் விளக்குகள் வளைவு திரும்பி இறங்கி வந்தன. லீலா ஓரத்திலிருந்து நடுரோட்டுக்கு வந்து நின்று, கட்டுரை பிடித்த கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.