நேராகப் பார்க்கும் படம்

"இது யாரு?" என்று அத்தான் கேட்டார்.

தம்பி படத்தை வாசலருகே ஒரு நாற்காலியில் சாய்த்துவைத்து, சரியாமலிருக்க அடியில் ஒரு புத்தகத்தைச் செருகிக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு வயதானாலும் அந்த வீட்டில் அவனுக்குப் பெயர் தம்பிதான். அக்கா அப்படிக் கூப்பிட்டாள். அவளைப் பார்த்து அத்தானும், அத்தானைப் பார்த்து மாடிவீட்டுக்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்கா விடியற்காலையில் போய்விட்டாள். நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவள், அத்தான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டாள். இப்போது மணி பத்து. மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

"அக்காதான் அத்தான்" என்றான்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அக்கா அவரைக் கேலி செய்வாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, படத்துக்கு முன்னால் குனிந்தார்.

"உங்க அக்காவை எனக்குத் தெரியும் தம்பி. இது அவ இல்ல."

அவர் கோபப்படவில்லை. தவறான வீட்டுக்கு வந்த கடிதத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல்தான் சொன்னார். தம்பிக்குக் காது சூடாகிவிட்டது.

படத்தில் அக்கா பால்கனியில் நின்று நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்துக்கு முன் அவனே எடுத்தது. முகம் துடைத்துவைத்த பீங்கான் தட்டைப்போல மாசு மறுவில்லாமல் இருந்தது. கோளாறு அதில்தான். அக்காவுக்குப் பதினேழு வயதில் கீழுதட்டின் இடது ஓரத்தில் ஒரு அரிசி அளவுக்கு வெள்ளைத் திட்டு வந்தது. பிறகு அது வருடத்துக்கு வருடம் பரவி, தாடையைப் பிடித்துக் கழுத்துக்கும் இறங்கிவிட்டது.

தம்பி பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போட்டோகிராபர். புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொண்டால் போதும், பழைய படங்களையெல்லாம் இழுத்துப்போட்டுத் திருத்த உட்கார்ந்துவிடுவான். வெளுத்த துணியையே மறுபடி மறுபடி வெளுக்கிறவன் என்று அவன் மனைவியே சொல்வாள். இந்தப் படத்தை மட்டும் நான்கு முறை திருத்தியிருந்தான். முதல் முறை திட்டை எடுத்தான். அடுத்து நெற்றிச் சுருக்கம், அப்புறம் கண்ணுக்குக் கீழே கருமை. நான்காவது முறை என்ன செய்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவான். திருத்தியது கையில் இருக்கும்போது பிழையை எதற்குக் கட்டி அழுவது என்பது அவன் கட்சி.

ஒவ்வொன்றையும் அக்காவிடம் கொண்டுவந்து காட்டுவான். அவள் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பாள். "நல்லா இருக்காடா. இந்தப் பொண்ணுக்கு நல்ல வரனாக் கிடைக்கும்" என்பாள். அவன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

"வேற படம் இருக்கும் அத்தான், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனான்.

அக்கா மகள் கட்டிலில் உட்கார்ந்து போனில் தேடிக்கொண்டுதான் இருந்தாள். அப்பா சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். போனில் அம்மாவின் படங்கள் ஏராளம். ஆனால் எல்லாவற்றிலும் அவள் வலது பக்கம் காட்டித் திரும்பியிருந்தாள். சிலவற்றில் மோவாயில் கை. ஒன்றில் காப்பி டம்ளர் பாதி முகத்தை மறைத்திருந்தது. அவள் வேலை பார்த்த பஸ் நிலைய விசாரணை ஜன்னலின் அடையாள அட்டை ஒன்று அகப்பட்டது. அதில் முத்திரை சரியாக மூக்கின் மேல் விழுந்திருந்தது.

"இதுல ஏதாவது ஒண்ணைப் பெருசு பண்ணலாமா மாமா?" என்று சைடு பார்க்கும் படம் ஒன்றைக் காட்டினாள்.

அத்தான் கதவோரம் வந்து நின்றது தெரியவில்லை. "நேரா பாக்குறது வேணும்" என்றார். "கடைசியா வர்றவங்களையாவது அவ நேரா பாக்கட்டும்."

அவர் போன பிறகு தம்பி கேட்டான். "எல்லாத்துலயும் ஏன் இப்படித் திரும்பியிருக்கா?"

"யாராவது போனை எடுத்தாலே திரும்பிடுவாங்க. உங்களுக்குத் தெரியாதா? உங்க காமெராவுக்கு மட்டும்தான் நேரா நிப்பாங்க."

அவனுக்குத் தெரியாது. முப்பது வருடம் அவளைப் படமெடுத்தவனுக்கு இது தெரியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் அவனுக்கு எதிரில் உட்கார ஆள் கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் வந்து உட்காருவாள். "சீக்கிரம் எடுடா, அடுப்புல பால் இருக்கு" என்பாள். பால் பொங்கி வழிந்த நாட்களும் உண்டு. அவனுக்கு வெளிச்சம் என்றால் என்ன, நிழல் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தது அந்த முகம்தான். அந்த முகத்தைத்தான் அவன் நான்கு தரம் அழித்திருந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இப்படிச் செய்யாதடான்னு."

"நான் கேட்டேன் மாமா ஒரு தடவை. மாமாகிட்ட சொல்லிடட்டுமான்னு. திட்டினாங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "என் மூஞ்சியை வச்சுக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருக்கான், அத்தனை பொறுமை வேற யாருக்கு இருக்கு, அவன் ஆசைக்குச் செய்யட்டும் விடுன்னாங்க."

தம்பி எழுந்து கூடத்துக்கு வந்தான். அழுகை வந்தது. அதைவிட அதிகமாக நன்றி வந்தது. இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்காவைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். மேலே இருந்த டியூப்லைட்டின் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து அக்காவின் முகத்தை மறைத்தது. அக்கா மகளைக் கூப்பிட்டு விளக்கை அணைக்கச் சொன்னான். ஜன்னல் வெளிச்சம் போதும்.

பிறகு பார்த்தான். வேலையாக உட்கார்ந்து பார்த்தான்.

வெள்ளையில் பதினாறு வகை உண்டு என்பது அவன் தொழில். ஒருவருக்குப் பல் கட்ட வேண்டுமென்றால் பக்கத்துப் பல்லோடு மாதிரிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒத்துவரும் வெள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்பேர்ப்பட்டவன் அக்காவின் முகத்தில் ஒரே வெள்ளைதான் இருக்கிறது என்று நினைத்திருந்தான். அப்படி இல்லை. உதட்டோரம் ரோஜா நிறம் கலந்திருந்தது. தாடைப் பக்கம் வெண்ணெய் நிறம். ஓரம் கோடு போட்டதுபோல் முடியாமல், மண்ணில் தண்ணீர் பரவியதுபோல் வளைந்து வளைந்து போனது. நடுவில் பழைய நிறத்திலேயே இரண்டு புள்ளிகள் மிஞ்சியிருந்தன. அக்காவின் கூடப்பிறந்தவன், அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், அந்த இரண்டு புள்ளிகளை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

மனதில் இருத்திக்கொண்டு உள்ளே போய், பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்தான். எந்தக் கருவியால் அழித்தானோ அதே கருவியால் வரைய ஆரம்பித்தான். அரை மணி நேரம் ஆயிற்று. ஓரளவு வந்துவிட்டது என்று தோன்றியபோது அத்தானைக் கூப்பிட்டான்.

அத்தான் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது இப்ப இருக்கிற மாதிரி" என்றார். "படம் எட்டு வருசத்துக்கு முந்தினது இல்ல? அப்ப தாடை எலும்பைத் தாண்டல. பாப்பா காலேஜ் சேர்ந்த வருசம்தான் கீழ இறங்குச்சு."

"எதுவரைக்கும் அத்தான் இருந்துச்சு?"

அத்தான் விரலைத் திரையில் வைத்தார். கயிறும் கிரீஸும் பிடித்துக் காய்ப்பேறிய விரல். உதட்டோரத்தில் ஆரம்பித்து மெதுவாகக் கீழே கொண்டுவந்து, தாடைக்குச் சற்று மேலே வளைத்து, மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனார். அவர் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. தம்பி அந்த விரலின் பின்னாலேயே போனான்.

"இங்க உள்ள தள்ளி வரும். அவ்வளவு இல்ல, கம்மி பண்ணு. ம். இந்தப் புள்ளி அப்ப ரெண்டு இல்ல, மூணு. மூணாவது இங்க."

"உங்களுக்கு எப்படி அத்தான் இவ்வளவும்..."

"தினமும் காலையில பக்கத்துல நின்னுதானே ஷேவ் பண்றேன். அவ தலை வாருவா." தன் தாடையைத் தடவிக்கொண்டார். "ஒரே கண்ணாடி."

மறுபடி வேலை நடந்தது. நெற்றிச் சுருக்கம் இரண்டு திரும்ப வந்தது. கண்ணுக்குக் கீழே கருமையும் வந்தது. அத்தான் தலையாட்டிக்கொண்டே வந்தவர், சட்டென்று முன்னால் குனிந்தார்.

"பல்லையுமா நேராக்கி வச்சிருக்க?"

நான்காவது முறை என்ன செய்தான் என்பது தம்பிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்காவுக்கு மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். தொழில் புத்தி, கை சும்மா இருக்கவில்லை.

"ஆமா அத்தான்."

"காசு வாங்காம ஊர்ல எவனுக்காவது இப்படிப் பல் கட்டியிருக்கியா?"

மகள் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு தம்பிக்கும் தொற்றிக்கொண்டது. அத்தானின் தோள்கள் குலுங்கின, அது சிரிப்புதானா என்று சொல்ல முடியவில்லை. கூடத்திலிருந்து மாடிவீட்டு அம்மா எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல பல்லைக் கோணலாக்க உட்கார்ந்தான். இருபத்தெட்டு வருட வேலையில் இதைச் செய்வது முதல் தடவை. நேராக்குவதைவிட அது கஷ்டமாக இருந்தது.

முடித்துவிட்டுக் கையை எடுத்தான். திரையில் அக்கா இருந்தாள். மகள் எழுந்து போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"சரியா அத்தான்?"

அத்தான் அவன் முதுகில் கையை வைத்து இரண்டு முறை தட்டினார். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அவர் அவனைத் தொட்டுப் பேசியதே இல்லை.

மகளின் மேசையில் பிரிண்டர் இருந்தது. நல்ல தாள் ஒன்றுதான் மிச்சம். அவள் அதைத் தூசி தட்டி வைத்தாள். படம் தலையிலிருந்து ஆரம்பித்து அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. நெற்றி வந்தது, கண் வந்தது, பிறகு உதடு. திட்டு வரும்போது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வந்தது. அத்தான் கை நீட்டி ஓரங்களை மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டார்.

"மை இன்னும் காயல அத்தான், இப்பவே சட்டத்துல போட்டா கண்ணாடியில ஒட்டிக்கும்."

"காயட்டும். ஃபேன் போடாதீங்க, பறந்துடும்."

அவர் படத்தைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, படத்தை முழங்கால்களின் மேல் வைத்துக்கொண்டார். ஒரு செய்தித்தாளை மடித்து விசிற ஆரம்பித்தார். தாள் படத்தில் பட்டுவிடாமல், காற்று மட்டும் முகத்தில் படும்படி நிதானமாக விசிறினார்.

விசாரணை ஜன்னலில் அக்காவோடு வேலை பார்த்த பெண்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவள் அத்தானின் மடியைப் பார்த்தாள். "அக்கா" என்று சொல்லி, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். யாரும் இது யாரென்று கேட்கவில்லை.

தம்பி வாசலிலிருந்த சட்டத்தை எடுத்துப் பழைய படத்தைக் கழற்றிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். மணி ஒன்றரை. படம் எப்போதோ காய்ந்திருந்தது. அத்தான் விசிறிக்கொண்டிருந்தார். அவன் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.