வெறுந்தாளுக்கு அனுமதி இல்லை

ராமாமணி கல்விக் குழுமத்தில் கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்தால் வெறுந்தாள் வராது. 'எந்த டெம்ப்ளேட்?' என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். வாழ்த்து, அழைப்பிதழ், நன்றி, இரங்கல். நான்கில் ஒன்றைத் தொட்டால்தான் மேற்கொண்டு நடக்கும். சேர்மன் லட்சுமணசாமியின் மகன் சசிதர் வெளிநாட்டில் எதையோ படித்துவிட்டு வந்து செய்த முதல் சீர்திருத்தம் அது. எதைத் தொட்டாலும் முதலில் சேர்மன்தான் வருவார். சால்வையோடு சிரிக்கும் படம். அடியில் கல்விச் செம்மல், கொடைக் குன்று, கொங்கின் குலவிளக்கு என்று இறங்கிக்கொண்டே போகும் பட்டங்கள். எல்லாம் அவரே ஏற்பாடு செய்து, அவரே கூச்சத்தோடு ஏற்றுக்கொண்டவை. தாளில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். சொல்லவந்த சங்கதிக்கு ஆறு வரி மிஞ்சும்.

ஆரோக்கியதாஸுக்கு ஆறு வரியே போதும்.

இருபத்து நான்கு வருஷமாக அவர் அட்மிஷன் செக்‌ஷனில் இருக்கிறார். வால்பாறையில் ஒரு மிஷன் பள்ளி விடுதிக்கு வார்டன் வேண்டும், குடியிருக்க வீடும் உண்டு என்று ஃபாதர் கிளமென்ட் கூப்பிட்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது ஆளை இனி இன்னொருவர் கூப்பிடப்போவதில்லை. சோமனூரில் இரண்டு பக்கமும் தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசியை இழுத்து இழுத்து மூச்சு முட்டிக் கிடந்த அவர் மனைவி விமலாராணி, காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியே விட்டாள். நாளைக்கு நேர்முகம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, அனுபவச் சான்றிதழ்.

"அதுக்கு டெம்ப்ளேட் இல்லீங்களே," என்றார் சசிதர்.

"வெறுந்தாள்ல அடிச்சுக்கறேனுங்க சார்."

"வெறுந்தாளை எடுத்துப்போட்டேனுங்க. பிராண்டுக்கு ஆகாது. டெம்ப்ளேட் நம்பர் இல்லாத தாள்ல அப்பா கையெழுத்தும் போடமாட்டாரு."

"அப்ப புதுசா ஒண்ணு செஞ்சு குடுங்க சார்."

"எதுக்குங்க? இங்கிருந்து யாருங்க போறாங்க? நாம ஒரே குடும்பமுங்க."

அந்தக் குடும்பத்தை விட்டு முறைப்படி போனவர்கள் எல்லாரும் பாடையில்தான் போயிருந்தார்கள். அதற்கு மட்டும் டெம்ப்ளேட் இருந்தது.

ஆரோக்கியதாஸ் வாழ்த்தைத் திறந்தார். 'பதினாறும் பெற்று' என்ற வரி என்ன செய்தாலும் அழியவில்லை. நன்றியில் 'தங்கள் மேலான நன்கொடை' நகரமாட்டேன் என்றது. இரங்கலைத் திறந்தபோது பக்கத்து மேஜை பிந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, அது எழவுக்குங்கண்ணா."

"படிச்சுப் பாரு அம்மணி."

பிந்து வாய்விட்டே படித்தாள். "நமது நிறுவனத்தில் இத்தனை ஆண்டுகள் நேர்மையும் உழைப்பும் மாறாமல் பணியாற்றியவர். அவரது இடத்தை யாராலும் நிரப்ப இயலாது." அவர் பக்கம் திரும்பினாள். "உசுரோட இருக்கறவங்களுக்கு இப்பிடி ஒருத்தரும் எழுதறதில்லீங்கண்ணா."

"இல்ல அம்மணி."

"மேல 'ஆழ்ந்த இரங்கல்'னு நிக்குது. கீழ 'ஆன்மா சாந்தியடைய'னு வேற."

"மொதல்ல கையெழுத்து வரட்டும். அப்பறம் மேலயும் கீழயும் மறைச்சு ஜெராக்ஸ் எடுத்துக்கலாம்."

பெயரையும் வருஷத்தையும் நிரப்பி, அச்செடுத்து, சேர்மன் அறைக்குக் கொண்டுபோனார். சேர்மன் தலைப்பைப் பார்த்தார். உடனே முகம் தொங்கியது. அவருக்கு முகத்திலும் நான்கு டெம்ப்ளேட் உண்டு.

"அடடா, ஆரோக்கியதாஸா? எப்பங்க தம்பி?"

ஆரோக்கியதாஸ் வாயைத் திறந்தார். சேர்மன் விடவில்லை.

"தங்கமான மனுசன். போன வாரங்கூட எங்கிட்ட நின்னு பேசிட்டுப் போனாரு." போன வாரம் மட்டுமல்ல, எந்த வாரமும் பேசியதில்லை. "பொண்டாட்டி புள்ளைங்க?"

"பொண்டாட்டி இருக்குதுங்க. புள்ளைங்க இல்லீங்க."

"பாவம். மாலைக்குச் சொல்லிப்போடுங்க. நீங்க எந்த செக்‌ஷன்?"

"அட்மிஷனுங்க."

"அப்ப அவரு வேலையையும் நீங்களே சேத்திப் பாத்துக்கங்க."

நான்தான் அந்த ஆள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பேனா அப்போதுதான் தாளைத் தொட்டிருந்தது. உயிரோடிருப்பதை ஒப்புக்கொண்டால் கையெழுத்து போய்விடும். ஆரோக்கியதாஸ் செத்தவராகவே நின்றார். கையெழுத்து விழுந்தது.

மத்தியானம் ஃபாதர் கிளமென்ட் போனில் வந்தார்.

"சர்டிபிகேட் வாங்கிட்டீங்களா? கமிட்டில கேக்கறாங்க. என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிங்க."

தலையையும் வாலையும் விட்டுவிட்டு நடுவை மட்டும் வாசித்தார்.

"இத்தனை தூரம் தலைல வெச்சுக் கொண்டாடற எடத்தை விட்டு ஏனுங்க வாரீங்க?"

"ஊட்டுல அவளுக்கு மூச்சு முட்டலுங்க ஃபாதர்."

"அது சரிங்க. இதுக்கு முன்னால இருந்த வார்டனும் நல்ல பேரு வாங்கின ஆளுதான். நாலாம் மாசம் பழைய எடத்துல கூப்புட்டாங்கன்னு பஸ் ஏறிட்டாரு. புள்ளைங்க ஒரு மாசம் கேக்க ஆளில்லாமக் கெடந்துச்சு. உங்களை இவங்க விடவே மாட்டாங்களே."

"கூப்புட மாட்டாங்க ஃபாதர்."

"எப்பிடிங்க அத்தனை உறுதியாச் சொல்றீங்க?"

ஆதாரம், சேர்மன் கையெழுத்தோடு, கையிலேயே இருந்தது. கடைசி வரியை வாசித்தால் போதும். ஆனால் அதை வாசித்துவிட்டு எந்த வேலையைக் கேட்பது?

"ஃபாதர், நான்..." என்றார்.

"மனசுல வெச்சுக்காதீங்க. கமிட்டில வேற ஒருத்தரையும் பாத்து வெச்சிருக்காங்க, அவரையே எடுத்துக்கறோம். உங்க குடும்பத்துக்காக ஜெபம் பண்ணிக்கறேன்."

போனை மேஜைமேல் வைத்தார். வைத்ததும் மறுபடி அடித்தது. விமலாராணி.

"ஏனுங்க, கடைக்காரரு அட்டைப்பெட்டி பத்து எடுத்து வெச்சிருக்காருங்க. பத்து போதுமா, இன்னும் சொல்லட்டுமா?" பின்னால் தறிச் சத்தம். நடுவில் இருமினாள். இருமி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"போதும்," என்றார்.