கரிக் கொட்டகை முகமூடிகள்

விடிவதற்கு முன்பே எங்கள் மண்வெட்டிகள் கரிக்குள் இறங்கிவிடும். எண்ணெய்க்காக உடைத்த ஆர்கான் மரக் கொட்டையின் ஓட்டைச் சூளையில் மூடிச் சுட்டு, பொடித்து, மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் கறுப்பாகத் தூசி எழும்பும். அது அடங்குவதற்குள் அடுத்த மூட்டை. கரியோடு மக்கிய எருவைச் சேர்த்துப் புரட்டி, நாற்று வளர்க்கும் குழித்தட்டை நிரப்பும் இயந்திரத்தின் வாயில் கொட்ட வேண்டும். தலைத்துணியை மூக்கில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தூசி உள்ளே வந்துவிடும். துப்பினால் கறுப்பு, மூக்கைச் சிந்தினால் கறுப்பு. வீட்டுத் தேநீரில் கைநிறையப் புதினா போட்டாலும் எனக்குக் கரி வாசனைதான் அடிக்கிறது.

கரி மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. முன்பெல்லாம் வடக்கே எங்கோ சதுப்பு நிலங்களைத் தோண்டி எடுத்த பீட் மண்தான் நாற்றுத் தட்டுக்குக் கப்பலில் வந்தது. பல்லாயிரம் வருஷம் சேர்ந்த மண், தோண்டினால் திரும்ப வராது என்கிறார்கள். அதற்குப் பதிலாக எங்கள் சூஸ் சமவெளியில் சும்மா கிடக்கும் ஓட்டைச் சுட்டுக் கலந்தால் தக்காளி நாற்று ஜம்மென்று வருகிறது. தட்டிலிருந்து பிடுங்கிப் பார்த்தால் கரித்துண்டைப் பற்றிக்கொண்டு வெள்ளை வெளேரென்று வேர். நல்ல காரியம்தான். அந்த நல்ல காரியத்தையும் எங்கள் நெஞ்சில் ஏறி மிதித்துத்தான் செய்வேன் என்கிறாரே முதலாளி ஜவாத், அங்கேதான் எங்களுக்கு வயிறு எரிகிறது.

ஆரம்பத்தில் கரியை நனைத்துத்தான் கொடுத்தார்கள். நனைந்த கரி பறக்காது. ஆனால் நனைந்த கலவை இயந்திரத்தில் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி நிறுத்தி நோண்ட வேண்டும். ஏற்றுமதித் தோட்டக்காரர்கள் நாற்றுக்கு அவசரப்பட்டதும் குழாயை மூடச் சொல்லிவிட்டார் அந்த மகராசன்.

போன வாரம் எங்களோடு கரி புரட்டும் தூடா குவியல் மேலேயே சரிந்தாள். மூச்சு உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. கங்காணி புஜெமா ஆஸ்பத்திரிக்கு வண்டி தர மறுத்தான். நாற்று ஏற்ற வேண்டுமாம். கொட்டகைக்கு வெளியே கிடத்தி நாங்களே விசிறினோம். மறுநாளும் வேலைக்கு வந்தாள், பாவி மகள். புருஷன் மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டான். இவள் கூலி நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இருமுகிறவளை எதற்குக் காலையில் கூலிச் சந்தியிலிருந்து வண்டியில் ஏற்றி வருகிறாய் என்று முதலாளி கங்காணியிடம் கேட்டதாகக் காதில் விழுந்தது.

அப்போதுதான் வெளிநாட்டு வியாபாரிகள் பண்ணையைப் பார்க்க வந்தார்கள். அன்று காலை கொட்டகை கழுவப்பட்டது. கரி நனைக்கப்பட்டது. ஆளுக்கொரு வெள்ளை அங்கியும் தூசி வடிகட்டி பொருத்திய முகமூடியும் கொடுத்தார்கள். பீட் கலக்காத நாற்று, ஒரு பிடி சதுப்பு மண்கூட எங்களால் தோண்டப்படவில்லை என்று முதலாளி மார்தட்டினார். வந்தவர்கள் எங்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்த அரைநாள் நாங்கள் மனிதர்களைப் போல மூச்சு விட்டோம். தூடா ஒருதரம்கூட இருமவில்லை.

கார்கள் வாசலைத் தாண்டியதும் கங்காணி சாக்கோடு வந்து முகமூடிகளைக் கழற்றிப் போடச் சொன்னான். முதலில் கழற்றிச் சாக்கில் போட்டவள் மமாஸ். அவள் கங்காணிக்குத் தங்கை முறை, அவன் பேச்சை மீறியதே இல்லை. தூடா கழற்றவில்லை. முதலாளியே இறங்கி வந்தார்.

“கழட்டு. அது விருந்தாளிங்களுக்காக வாங்குனது.”

“விருந்தாளிங்க மூஞ்சியிலயா கட்டியிருந்தோம், ஐயா?”

யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கு முகம் சுருங்கியது.

“வாய் நல்லா நீளுது. மூச்சுதான் பத்தல.”

“மூச்சு போனது உங்க கொட்டகையிலதான். கரிய நனைச்சுக் குடுங்க. ஆளுக்கு ஒரு மாஸ்க் குடுங்க. வேற எதுவும் கேக்கல.”

“மெஷின் அடைச்சா யாரு வந்து நோண்டுறது, உங்கப்பனா?”

எனக்குப் பொறுக்கவில்லை. “மெஷின் அடைச்சா நோண்டிக்கலாம் ஐயா. நெஞ்சு அடைச்சா என்ன பண்றது?” என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூடாவைக் காட்டிக் கங்காணியிடம் சொன்னார்: “நாளைக்கு இவ வண்டியில ஏறக் கூடாது. சந்தியில எத்தனையோ பொம்பளைங்க நிக்கிறாங்க. விரலை அசைச்சா போதும்.”

மமாஸ் சாக்குக்குள் கையை விட்டாள். ஒரு முகமூடியை எடுத்து, தட்டி, மாட்டிக்கொண்டாள். கங்காணி பல்லைக் கடித்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்து மாட்டிக்கொண்டோம். மாட்டியபடியே பியூக்ரா ஊர்க் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தோம். ஊரே வேடிக்கை பார்த்தது.

மறுநாள் இருட்டோடு கூலிச் சந்தியில் முகமூடியோடு நின்றோம். தூடாவை ஏற்றினால்தான் ஏறுவோம் என்று பேசி வைத்திருந்தோம். கங்காணியின் வண்டி எங்களைத் தாண்டிப் போய் நின்றது. அவன் எங்களைச் சட்டை செய்யவில்லை. அந்தப் பக்கம் நின்ற பெண்களைக் கைகாட்டி அழைத்தான். மலையிலிருந்து பிழைக்க வந்தவர்கள். திமுதிமுவென்று ஏறினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் பொங்கியது. கல்லை எடுத்து எறியலாமா என்றுகூட நினைத்தேன். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே பசிதான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

தூடாவின் மண்டையில் அது ஏறியிருந்தது. வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள். “அங்க காஞ்ச கரியப் பொரட்டணும். நான் அதுலதான் விழுந்தேன். இதத் திருப்பிக் குடுக்காததாலதான் எங்கள ஏத்தல” என்று முகமூடியைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து அவளை மடக்கிப் போட்டது. வண்டியில் இருந்தவர்கள் அந்த இருமல் நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கட்டுமஸ்தான ஒருத்தி முதலில் குதித்து இறங்கினாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் இருப்பதா இறங்குவதா என்று தெரியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இன்னொரு மாஸ்க் இருக்கா, அக்கா?” என்று கேட்டாள் இறங்கியவள்.

“இல்லம்மா. கேட்டுத்தான் வாங்கணும்.”

“அப்ப கேப்போம்” என்று சொல்லி, தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு எங்கள் வரிசையில் வந்து நின்றாள். கங்காணி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.